தண்ணீர் மாற்றிய இரவில் செத்த மீன்கள்: வேளச்சேரி செடித் தொட்டி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். மண்ணும் கல்லும் மரத்துண்டும் போக ஏறத்தாழ 55 லிட்டர் தண்ணீர் நிற்கும், செடிகளோடு மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி. இடம் சென்னை வேளச்சேரியில் ஓர் அடுக்ககம். தொட்டி வைத்து ஒன்றரை மாதம் ஆனபோது அந்த வீட்டு இளைஞர் முதன்முறையாகப் பாதித் தண்ணீரை மாற்றினார். விடிவதற்குள் பன்னிரண்டு நியான் டெட்ராக்களும் செத்திருந்தன. ஆறு கப்பிகளில் நான்கு பிழைத்தன. செடிகளோ அதற்கு முன்பிருந்தே ஒவ்வொன்றாகக் கரைந்துகொண்டிருந்தன.

வீட்டிலும் மீன் கடையிலும் ஒரே தீர்ப்புதான்: போர் தண்ணீர், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், கொன்றுவிட்டது. அதுவரை தொட்டியில் இருந்தது சமையலறை ஆர்ஓ தண்ணீர். அன்று ஆர்ஓ மெஷின் பழுது என்பதால் குழாயில் வரும் போர் தண்ணீரைப் பிடித்து ஊற்றியிருக்கிறார். நியான் அமேசான் பக்கத்து மென்னீர் மீன், நம்ம ஊர் உப்புத் தண்ணீர் அதற்கு ஆகாது. கப்பி எதையும் தாங்கும். யார் பிழைத்தது, யார் செத்தது என்ற கணக்கும் இதற்கு ஒத்துப்போனது. கேட்கச் சரியாக இருந்ததால் யாரும் மேற்கொண்டு தோண்டவில்லை.

தொட்டி எப்படித் தொடங்கியது

அடியில் இரண்டு அங்குலத்துக்குச் செடித் தொட்டிக்கென்றே விற்கும் ரெடிமேடு சாயில். சுட்ட மண் உருண்டைகள் போல இருக்கும். இதற்கு இரண்டு குணங்கள் உண்டு. முதல் சில வாரங்களுக்குத் தண்ணீரில் அமோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும். கூடவே தண்ணீரில் இருக்கும் கார்பனேட் கடினத்தன்மையை, அதாவது மீன் வளர்ப்பவர்கள் கேஎச் என்று சொல்வதை, உறிஞ்சி, அமில-கார அளவான பிஎச்சைக் கீழே இழுக்கும். இரண்டும் குறை அல்ல, பல செடிகளுக்கு அது வசதி. ஆனால் ஊற்றியது ஆர்ஓ தண்ணீர். டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 40; கேஎச் கிட்டத்தட்ட இல்லை. உறிஞ்சுவதற்குக்கூட அதில் ஒன்றும் கிடையாது.

மேலே தொங்கவிடும் ஃபில்டர் ஒன்று, ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று, பத்து மணி நேரம் எரியும் எல்இடி விளக்கு. செடிகளில் ஓர் அமேசான் ஸ்வோர்டு, இரண்டு கிரிப்டோகொரைன், ஒரு கொத்து வாலிஸ்னேரியா, ஜாவா ஃபெர்ன், கொஞ்சம் ஹைட்ரில்லா. கடையில் பாக்டீரியா பாட்டில் ஒன்றும் கொடுத்து, ஊற்றிவிட்டு மூன்று நாள் கழித்து மீன் விடலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இவர் அதைவிடப் பொறுமைசாலி, ஒரு வாரம் காத்திருந்துதான் விட்டார். அதன்பின் வாராவாரம் டெஸ்ட் ஸ்ட்ரிப் நனைத்துப் பார்த்துக் குறித்தும் வைத்திருந்தார். புதிதாகத் தொட்டி வைக்கிறவர்களில் இப்படிக் குறிப்பு எழுதுகிறவர்கள் அபூர்வம். இந்த ஆய்வே அந்தக் குறிப்பால்தான் சாத்தியமானது.

"அண்ணா, நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் பூஜ்யம். ஆறு வாரமும் அப்படித்தான். தண்ணீர் இவ்வளவு சுத்தமா இருந்தா மாத்தணும்னு எனக்குத் தோணவே இல்லை" என்றார்.

"தம்பி, இதுல அமோனியாவுக்குக் கட்டமே இல்லையே?" என்று கேட்டேன். டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். இல்லை.

சந்தையில் பரவலாகக் கிடைக்கும் பல ஸ்ட்ரிப்புகளின் நிலைமை இதுதான். பிஎச், கடினத்தன்மை, குளோரின், நைட்ரைட், நைட்ரேட் எல்லாம் காட்டும், அமோனியா இருக்காது. ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியில் மீன் கழிவும் மீந்த தீனியும் அமோனியாவாகி, அதை ஒரு நுண்ணுயிர்க் கூட்டம் நைட்ரைட்டாகவும் மறு கூட்டம் நைட்ரேட்டாகவும் மாற்றும். இந்தச் சங்கிலி ஓடத் தொடங்குவதைத்தான் சைக்கிள் ஆவது என்கிறோம். மீனும் தீனியும் அமோனியா விடும் சாயிலும் உள்ள தொட்டியில், அதுவும் செடிகள் வளராமல் நிற்கும்போது, ஆறு வாரமாக நைட்ரேட் பூஜ்யம் என்றால் சங்கிலியின் முதல் கண்ணியே அசையவில்லை என்று அர்த்தம். அந்தப் பூஜ்யத்தை அவர் சுத்தம் என்று படித்துவிட்டார். நன்றாக வளரும் செடிகள் நிறைந்த தொட்டியிலும் நைட்ரேட் பூஜ்யம் வரலாம் என்பதால், அமோனியாவைப் பார்க்காமல் இந்த எண்ணை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

பால்கனி வாளி

தொட்டியிலிருந்து உறிஞ்சி எடுத்த பழைய தண்ணீரில் ஒரு வாளி பால்கனியில் அப்படியே இருந்தது, ரோஜாச் செடிக்கு ஊற்றுவதற்காக. செத்த மீனை வைத்துக் காரணம் தேடுவதைவிட இது நூறு மடங்கு பயனுள்ளது. தண்ணீர் மாற்றுவதற்கு முன்பிருந்த நிலை முழுசாகக் கையில் கிடைத்துவிட்டது.

திரவ டெஸ்ட் கிட்டில் வாளித் தண்ணீரின் பிஎச் 6, அதாவது ஒப்பிட்டுப் பார்க்கும் நிற அட்டையின் கீழ்க்கடைசி நிறம். கேஎச் இல்லை. நைட்ரைட் இல்லை. அமோனியா கரும்பச்சை, அட்டையின் உச்சமான 8 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்). உச்சத்தில் நிற்கும் அளவை நம்பக்கூடாது, அது எட்டாகவும் இருக்கலாம் இருபதாகவும் இருக்கலாம். எனவே அதே அளவு ஆர்ஓ தண்ணீர் கலந்து மறுபடி பார்த்தோம். 4 வந்தது. ஆக 8 என்பது சரிதான். தொட்டியில் இப்போது இருந்த தண்ணீரில் பிஎச் 8, கேஎச் 7, அமோனியா 4. குழாயிலிருந்து நேரே பிடித்த போர் தண்ணீரில் டிடிஎஸ் 1100, கேஎச் 14, பிஎச் எட்டுக்குக் கொஞ்சம் மேல், அமோனியா துளியும் இல்லை.

அமோனியா எட்டிலிருந்து நான்காகக் குறைந்திருக்கிறது. பிறகு ஏன் எட்டு இருந்தபோது நீந்திய மீன்கள் நான்கு ஆனதும் சாகவேண்டும்?

கிட் காட்டுவது மொத்த அமோனியா. தண்ணீரில் அது இரண்டு வடிவில் இருக்கும். ஒன்று அம்மோனியம் அயனி. மின்னேற்றம் உள்ளதால் செவுள் வழியே எளிதில் உள்ளே போகாது, நஞ்சும் குறைவு. இன்னொன்று மின்னேற்றமில்லாத அமோனியா. செவுளை நேராக ஊடுருவும், கொல்வது இதுதான். இரண்டும் எந்த விகிதத்தில் இருக்கும் என்பதைப் பிஎச்சும் வெப்பநிலையும் தீர்மானிக்கின்றன. சென்னையில் தொட்டித் தண்ணீர் சாதாரணமாகவே 30 டிகிரி இருக்கும். அந்த வெப்பத்தில் பிஎச் 6 என்றால் மொத்தத்தில் 0.08 சதவீதம்தான் நஞ்சு வடிவம். பிஎச் 8 என்றால் 7.4 சதவீதம்.

பழைய தண்ணீரில் 8 பிபிஎம் அமோனியாவில் நஞ்சு 0.006 பிபிஎம். மீன்கள் சுகமாக இல்லாவிட்டாலும் உயிரோடு இருக்கலாம். புதுத் தண்ணீர் கலந்தபின் 4 பிபிஎம்மில் நஞ்சு 0.3 பிபிஎம். பாதி அமோனியாவை வெளியே கொட்டியும் நஞ்சு நாற்பது மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. இரவு பத்து மணிக்கு மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்ததாக அவருடைய அம்மா சொன்னதும் இதனோடு பொருந்துகிறது. செவுள் வெந்த மீன் அப்படித்தான் செய்யும்.

வேறு காரணங்களையும் தள்ளிப் பார்க்கவேண்டும். குளோரின் இல்லை; போர் தண்ணீர், மேல்நிலைத் தொட்டியில் சமீபத்தில் பிளீச்சிங் பவுடர் போடவில்லை, ஸ்ட்ரிப்பும் பூஜ்யம் காட்டியது. ஆக்சிஜன் குறை என்றும் சொல்ல முடியாது, ஸ்பாஞ்ச் ஃபில்டர் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. போர் தண்ணீரிலேயே விஷம் இருந்ததா? அதே அடுக்ககத்தில் இன்னொரு வீட்டில் மோலி, பார்பு வகை மீன்கள் அதே குழாய்த் தண்ணீரில் வருஷக்கணக்கில் வாழ்கின்றன. பிழைத்த நான்கு கப்பிகளையும் அன்றே அங்கே கொண்டுபோய் விட்டோம், நன்றாகத் தேறின. டிடிஎஸ் ஒரே மணி நேரத்தில் ஐம்பது சொச்சத்திலிருந்து அறுநூறுக்குத் தாவியது மட்டும் உண்மையான அடி, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நியானுக்கு அது கப்பியைவிடக் கடுமையாகப் பட்டிருக்கும். ஆனாலும் 0.3 பிபிஎம் அமோனியா கண் முன்னே இருக்கும்போது அதைத் துணைக் குற்றவாளி என்றுதான் வைக்கவேண்டும்.

பாக்டீரியா ஏன் வரவில்லை

அமோனியாவை உண்ணும் பாக்டீரியா எடுத்துக்கொள்வதும் மின்னேற்றமில்லாத அதே வடிவத்தைத்தான். பிஎச் 6 தண்ணீரில் மீனைக் காப்பாற்றிய காரணமே பாக்டீரியாவைப் பட்டினி போட்டது. மொத்தம் 8 பிபிஎம் இருந்தும் அவற்றின் கைக்கு எட்டியது மிகச் சொற்பம்.

கேஎச் இல்லாதது இன்னொரு தடை. ஒரு மில்லிகிராம் அமோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்ற ஏழு மில்லிகிராமுக்குச் சற்று மேல் காரத்தன்மை செலவாகும், கால்சியம் கார்பனேட் கணக்கில். ஒரு டிகிரி கேஎச் என்பது ஏறக்குறைய 18 மில்லிகிராம். இரண்டரை பிபிஎம் நைட்ரஜனுக்கு ஒரு டிகிரி காலியாகிவிடும் என்று மனக்கணக்காக வைத்துக்கொள்ளலாம். கையிருப்பே இல்லாத ஆர்ஓ தண்ணீரில் வேலை தொடங்கினாலும் அமிலம் சேர்ந்து தானாகவே நின்றுபோகும்.

பாட்டில் பாக்டீரியாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் லேபிளில் நைட்ரோபாக்டர் என்று போட்டிருந்தது. நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்றுதான் பாடப்புத்தகங்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. 1998-இல் டிமோதி ஹோவனெக்கும் உடன் ஆய்வாளர்களும் நன்னீர்த் தொட்டிகளை மரபணு முறையில் சோதித்து, அங்கே அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகை என்று காட்டினார்கள். 2011-இல் வெளியான இன்னொரு ஆய்வு, நன்னீர்த் தொட்டி ஃபில்டர்கள் பலவற்றில் அமோனியாவை மாற்றுவதில் பாக்டீரியாவைவிட ஆர்க்கியா எனும் வேறு நுண்ணுயிர்களே மிகுதி என்றது. 2015-இல் அமோனியாவிலிருந்து நைட்ரேட் வரை ஒரே ஆளாகச் செய்து முடிக்கும் நைட்ரோஸ்பைராவும் கண்டுபிடிக்கப்பட்டது. ஃபில்டருக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்பது இப்படி மாறிக்கொண்டே வருகிறது. இவை எல்லாம் சுவையான செய்திகள், ஆனால் இந்தத் தொட்டியின் வழக்கைப் பாட்டில் லேபிளோடு முடிச்சுப்போட எனக்கு விருப்பமில்லை. சரியான இனத்தையே ஊற்றியிருந்தாலும் அந்தத் தண்ணீரில் அது பெருகியிருக்காது.

நான்காம் வாரத்தில் கப்பிகள் துடுப்பை மடக்கிக்கொண்டு சோர்ந்தபோது கடையில் கொடுத்த மெத்திலீன் புளூவையும் ஊற்றியிருக்கிறார். கப்பிக்குக் கடினமான தண்ணீர் வேண்டும், ஆர்ஓ தண்ணீரில் அது சோர்வது நோய் இல்லை. மெத்திலீன் புளூ நைட்ரிஃபிகேஷனையும், அதாவது அமோனியா நைட்ரேட்டாகும் சங்கிலியையும், தடுக்கும், செடிகளுக்கும் ஆகாது. தனி டப்பாவில் மீனை வைத்து வைத்தியம் பார்க்கத்தான் அந்த மருந்து.

சரிசெய்த விதம்

ஒரு குடம் போர், இரண்டு குடம் ஆர்ஓ. தீர்வின் பெரும்பகுதி இவ்வளவுதான். இந்தக் கலவையில் கேஎச் நான்கரைக்கு மேல், டிடிஎஸ் 400-க்குள். பண்ணையில் வளர்ந்து வரும் நியானுக்கு இது தாராளமாகப் போதும். தொட்டியில் மீன் இல்லாததால் ஒரே மூச்சில் தண்ணீரை மாற்ற முடிந்தது. ஆனால் சாயில் சும்மா இருக்கவில்லை, மூன்று நான்கு நாளில் கேஎச்சை இரண்டுக்கு இறக்கிவிட்டது. அதனால் வாரம் இரண்டு முறை மூன்றில் ஒரு பங்கு மாற்ற வேண்டியிருந்தது. பிஎச் ஏழை ஒட்டி நின்றது.

பாக்டீரியாவுக்குப் பணம் செலவழிக்கவில்லை. மோலித் தொட்டியில் பழுப்பேறிக் கிடந்த ஸ்பாஞ்சில் பாதியை வெட்டி வாங்கி, இந்தத் தொட்டியின் ஸ்பாஞ்சோடு சேர்த்துக் கட்டினோம். தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரிதான். நோயில்லாத தொட்டி என்று தெரிந்தால் மட்டும் செய்யவேண்டும், அப்புறம் எடுத்துவரும் வழியில் ஸ்பாஞ்ச் காயக்கூடாது.

இரண்டாம் வாரத்துக்குள் அமோனியா கால் பிபிஎம்முக்கு வந்தது. நைட்ரைட் கிட்டின் உச்ச நிறத்தைத் தாண்டி அப்படியே நின்றது. முதல் கூட்டம் பெருகி நைட்ரைட்டைக் கொட்டிய பிறகுதான் அடுத்த கூட்டத்துக்குத் தீனி கிடைக்கிறது, எனவே இந்தக் காத்திருப்பு இயல்பு. இந்தக் கட்டத்தில் நைட்ரேட் அளவைப் பார்த்து மகிழவும் கூடாது, பயப்படவும் கூடாது. நைட்ரேட் கிட் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றித்தான் நிறம் காட்டுகிறது. தண்ணீரில் ஏற்கெனவே நைட்ரைட் நிறைய இருந்தால் அளவு பொய்யாக ஏறும்.

மீனோடு சைக்கிள் செய்துகொண்டிருப்பவர்களுக்கு இங்கே ஒரு விஷயம். நைட்ரைட் செவுளில் குளோரைடு போகும் வழியாகவே இரத்தத்துக்குள் நுழைந்து, ஆக்சிஜன் சுமக்க முடியாதபடி இரத்தத்தைப் பழுப்பாக்கும். தண்ணீரில் குளோரைடு அதிகம் இருந்தால் நைட்ரைட்டுக்கு இடம் கிடைக்காது. நம்ம ஊர் உப்புத் தண்ணீரில் குளோரைடு தாராளம். ஆர்ஓ மெஷின் அதையும் வடித்துவிடுகிறது. ஆக, சுத்தம் என்று நாம் நினைக்கும் தண்ணீரில் நைட்ரைட் இன்னும் கொடியது.

மேலும் இரண்டு வாரத்தில் நைட்ரைட் மறைந்தது. உறுதிப்படுத்த ஆய்வகத் தரமான அம்மோனியம் குளோரைடு கிராமில் மூன்றில் ஒரு பங்கு போட்டு அமோனியாவை 2 பிபிஎம் ஆக்கினோம். நவச்சாரம் என்று நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பதும் இதுதான், ஆனால் அதன் தூய்மையை நம்ப முடியாது. மறுநாள் அமோனியாவும் இல்லை, நைட்ரைட்டும் இல்லை. ஆறு நியான்கள் முதலில், கொஞ்ச நாள் விட்டு மீதி. கப்பிகள் மோலித் தொட்டியிலேயே தங்கிவிட்டன.

செடிகள்

மீன் செத்ததற்கும் செடி கரைந்ததற்கும் ஒரே காரணம் என்றுதான் அவர் நினைத்தார். செடிகளில் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு காரணம்.

அமேசான் ஸ்வோர்டைப் பண்ணைகளில் பெரும்பாலும் இலை தண்ணீருக்கு வெளியே இருக்கும்படி வளர்த்து விற்கிறார்கள். காற்றில் வளர்ந்த அந்தத் தடித்த இலைகள் தண்ணீருக்குள் நெடுநாள் நிற்காது, அழுகும். நடுக்குருத்திலிருந்து வரும் மெல்லிய இலைகள்தான் இனி அதன் இலைகள். பழையதை அடியோடு வெட்டிவிட்டு, வேருக்கருகில் உர உருண்டை ஒன்று புதைத்ததோடு சரி.

கிரிப்டோகொரைன் விஷயம் வேறு. இவர் வாங்கியது வென்டியை என்ற வகை, இலங்கையின் ஓடைகளுக்கே உரிய இனம். இடம் மாறினாலோ தண்ணீரின் குணம் திடீரென்று மாறினாலோ கண்ணாடி போலாகி முழுதும் கரைந்துவிடும். செத்துவிட்டது என்று பிடுங்குகிறவர்களே அதிகம். வேர் வெள்ளையாக, உறுதியாக இருந்தால் உயிர் இருக்கிறது. ஒன்றை அவர் ஏற்கெனவே பிடுங்கி எறிந்திருந்தார், விட்டுவைத்த இன்னொன்று ஐந்தாறு வாரத்தில் துளிர்த்தது.

வாலிஸ்னேரியாதான் தண்ணீர் செய்த கொலை என்று சொல்லத்தக்கது. இது கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடை மட்டும் நம்பியிராமல் பைகார்பனேட்டிலிருந்தும் கார்பனை எடுக்கத் தெரிந்த செடி, ஹைட்ரில்லாவும் அப்படியே. கடினமான தண்ணீரில் செழிக்கும், அமிலமான மென்னீரில் உருகும். கேஎச் நான்குக்கு வந்த சில வாரங்களில் மண்ணுக்கடியில் ஓடுதண்டு விட்டுப் பரவத் தொடங்கியது. ஹைட்ரில்லா நம்ம ஊர்க் குளத்துச் செடி, அதற்குச் சொல்லவே வேண்டாம். இப்படி வேகமாக வளரும் செடிகள் நைட்ரேட்டைவிட அம்மோனியத்தை விரும்பி உண்பதால், புதுத் தொட்டியில் பாக்டீரியாவுக்கு முன்பே பாதிச் சுமையைத் தாங்கும். தொடக்கத்திலேயே அவை நன்றாக வளர்ந்திருந்தால் அமோனியா எட்டைத் தொட்டிருக்காது என்பது என் கணிப்பு.

ஜாவா ஃபெர்னின் கிடைத்தண்டை மண்ணில் புதைத்திருந்தார். அது அழுகும். எடுத்து மரத்துண்டில் நூலால் கட்டியாயிற்று.

புது இலைகள் சுருண்டு முறுகி வந்ததும் ஆர்ஓ தண்ணீரின் கைவரிசையே, அதில் கால்சியம் இல்லை. போர் தண்ணீர் கலந்தபின் அது நின்றது. அதன்பின் ஸ்வோர்டின் பழைய இலைகளில் ஊசி குத்தியது போல ஓட்டைகள் தெரிந்தன. பழைய இலையில் ஓட்டை என்றால் முதலில் பொட்டாசியத்தைச் சந்தேகிக்கலாம்; புது இலை வெளுத்தால் இரும்பு; பழைய இலை முழுக்க மஞ்சளானால் நைட்ரஜன். திரவ உரம் பாதி அளவில் வாரம் ஒருமுறை ஊற்றத் தொடங்கினார். விளக்கைப் பத்து மணி நேரத்திலிருந்து ஆறாகக் குறைத்ததும் கண்ணாடியில் படிந்த பழுப்புப் பாசி மெல்ல அடங்கியது.

சமீபத்தில் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வாங்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவரிடம் இருக்கும் ஐந்து இனங்களும் அது இல்லாமலே வளர்பவை. தவிர, சாயில் இன்னும் கேஎச்சை இழுத்துக்கொண்டிருக்கிறது, ஒருமுறை தண்ணீர் மாற்றி அடுத்த முறை மாற்றுவதற்குள் இரண்டு டிகிரி காணாமல் போகிறது. அந்தத் தண்ணீரில் வாயுவை விட்டால் பிஎச் மறுபடி ஆறுக்கு இறங்கும். சாயிலின் பசி தீர்ந்து, ஒரு வாரம் முழுக்க கேஎச் நான்கிலேயே நிற்கட்டும், பிறகு பேசலாம் என்று வைத்திருக்கிறோம்.